போன் உங்களுடையதாக இருக்கட்டும்: நரிக்குடி மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நரிக்குடி ஒன்றியத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருக்கும் அக்கா, தங்கைகளுக்கு,



நம் வட்டாரத்தில் செல்போன் பழுது பார்த்தும் ரீசார்ஜ் செய்தும் பிழைக்கிறவன் நான். வீரசோழன், கட்டனூர், அ.முக்குளம், இருஞ்சிறை, உலக்குடி, மறையூர் என்று பல ஊர்களிலிருந்தும் நீங்கள் என் கடைக்கு வந்திருக்கிறீர்கள். டிஸ்பிளே உடைந்த போன், சார்ஜ் பின் போன போன், தண்ணீரில் விழுந்த போன் எல்லாவற்றுக்கும் ஏதாவது வழி செய்துவிடலாம். ஆனால், "தம்பி, போன் நல்லாத்தான் இருக்கு. வேற கம்பெனி சிம் போட்டா எடுக்க மாட்டேங்குது" என்று சொல்லி நீட்டும் போனைத் திறந்து பார்த்துப் பயனில்லை. அந்தக் குறை, வாங்கிய அன்றைக்கே கூட வந்த குறை.

உங்கள் குழுக்களில் இப்போது போன் வாங்கும் பேச்சு அதிகமாக இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு, குழுக் கணக்குப் பதிய, பணித்தளப் பொறுப்பாளர் வேலைக்கு என்று ஆளுக்கொரு தேவை. கேமரா எத்தனை மெகாபிக்சல், மெமரி எத்தனை ஜிபி, மாசத் தவணை எவ்வளவு என்று கேட்டு வாங்குகிறீர்கள். இதற்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் போன் எல்லாக் கம்பெனி சிம்மையும் ஏற்றுக்கொள்ளுமா? ஏற்றுக்கொண்டால், அந்தந்தக் கம்பெனியின் டவரை முழுசாகப் பிடிக்குமா? இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வராத போன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நம் ஊருக்கு விலை கூடுதல்தான். அதற்கான காரணத்தையும், கடையில் நின்று எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்லத்தான் இந்த மடல்.

நம் ஊரில் ஒரே டவரை நம்பி இருக்க முடியாது

நரிக்குடி, மூன்று மாவட்டங்கள் உரசும் மூலை. வடக்கே மானாமதுரை போனால் சிவகங்கை மாவட்டம், கிழக்கே பரமக்குடி போனால் ராமநாதபுரம் மாவட்டம், நாமோ விருதுநகர் மாவட்டத்தின் ஓரம். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்மாயும் மானாவாரிக் காடும் சீமைக்கருவேலமும்தான். வீடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில் டவர் வைத்தால் கம்பெனிக்கு வருமானம் அதிகம், இங்கே குறைவு. ஆகவே டவர்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கின்றன. ஒரு கம்பெனி பஸ் ஸ்டாப்பில் நாலு பாயிண்ட் காட்டும், கண்மாய்க்குள் இறங்கினால் செத்துவிடும். இன்னொன்று வீட்டுக்குள் பேசவே விடாது, காட்டில் நன்றாகக் கிடைக்கும். இது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

இதனால் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் உங்களில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் அக்காமார்கள். நூறு நாள் வேலையில் என்.எம்.எம்.எஸ் செயலி வழியாக வருகை பதிவது 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. காலையில் வேலைக்கு வந்தவர்களை நிறுத்தி, பெயர் பெயராகத் தொட்டு வருகை போட்டு, இடமும் நேரமும் பதிந்த படம் எடுக்க வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது படம். டவர் இல்லாத இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம் என்ற வசதி உண்டு. ஆனாலும் எங்கோ ஓரிடத்தில் டவர் கிடைத்தாக வேண்டும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கண்மாய்க் கரையின் மேட்டுக்கு ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். படம் ஏறாவிட்டால் அத்தனை பேரின் கூலிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 டிசம்பரில் இந்தத் திட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறிவிட்டது. திட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் செல்போனில் வருகை பதிவது நின்றுவிடப் போவதில்லை.

அப்படி மேடு ஏறும் அக்காவின் போனில் இரண்டு கம்பெனி சிம் இருந்தால், செட்டிங்கில் போய் நெட்டை இரண்டாவது சிம்முக்கு மாற்றினால் போதும்; மேடு ஏற வேண்டிய வேலை பாதி நாள் இருக்காது. அதற்குப் போன் இடம் கொடுக்க வேண்டும்.

வங்கி ஓடிபி, ரேஷன் குறுஞ்செய்தி, மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை வரவு வைத்த தகவல் என்று எல்லாமே இன்றைக்கு ஒரே செல்போன் நம்பரில்தான் வருகின்றன. டவர் இல்லாத ஒரு நாள் என்பது இப்போது வெறும் பேச்சுத் தடை இல்லை, பணத் தடை.

இரண்டு கம்பெனிகள் மூடிய கதை

உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2003-இல் ரிலையன்ஸ், 501 ரூபாய் முன்பணத்துக்குப் போன் கொடுத்தது. அதுவரை செல்போனைத் தொட்டுப் பார்க்காத வீடுகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. அந்த நன்மையை மறுக்கக் கூடாது. ஆனால் அது சி.டி.எம்.ஏ என்ற வேறு முறையில் ஓடிய போன். தொடக்கத்தில் அதில் சிம்மே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் போனையே தூக்கிப் போட வேண்டும். அந்தக் கம்பெனி 2016-இல் சி.டி.எம்.ஏவை மூடத் தொடங்கி, 2017 கடைசியில் மொபைல் பேச்சுச் சேவையையே நிறுத்தியது. கையிலிருந்த சி.டி.எம்.ஏ போன்கள் உடைசல் விலைக்குக்கூடப் போகவில்லை.

அடுத்த சில மாதங்களில் ஏர்செல். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒன்றாக இருந்த கம்பெனி. 2018 பிப்ரவரியில் டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. வேறு கம்பெனிக்கு மாற 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் போகவே டவர் இல்லை. கடைகள் முன்னால் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அலைச்சல் பெரிய அலைச்சல்தான். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏர்செல்காரர்கள் வைத்திருந்தது எந்த சிம்மையும் ஏற்கும் சாதாரண போன். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு, புது சிம்மைப் போட்டு, அதே போனில் பேசினார்கள். நஷ்டம் சிம்மோடு நின்றது. சி.டி.எம்.ஏகாரர்களுக்குப் போனும் சேர்ந்து போனது.

பெரிய கம்பெனி, நிலைத்து நிற்கும் என்று நம்பித்தான் அப்போதும் வாங்கினோம். இப்போது இருக்கிற கம்பெனிகள் நாளைக்கு மூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. விலையை ஏற்றலாம், டவரைக் கவனிக்காமல் விடலாம், திட்டங்களை மாற்றலாம். 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) மூன்றும் சேர்ந்தாற்போல் கட்டணத்தை உயர்த்தின. 239 ரூபாய்க்கு இருந்த ஜியோவின் 28 நாள் திட்டம் 299 ஆனது. பி.எஸ்.என்.எல் மட்டும் உயர்த்தவில்லை. அந்த ஒரே மாதத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் இணைப்புகள் பி.எஸ்.என்.எல்லில் கூடின. மாறுவதற்குத் தோதான போன் வைத்திருந்தவர்களால் மாற முடிந்தது. ஒரே கம்பெனிக்கான போன் வைத்திருப்பவர்களுக்கு அப்படி மாற வழி இல்லை.

விதைப்புக்கு முன்பணம் வாங்கியவர் விளைந்த மிளகாயை, முன்பணம் தந்த கமிஷன் கடைக்கே, கடைக்காரர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கிறதே, அந்த நிலைமைதான் இது. முன்பணம் சின்னதாகத் தெரியும். விலை பேசும் உரிமை போனது பிறகுதான் தெரியும்.

பூட்டுகள் எத்தனை வகை

'லாக் போன்' என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே பார்த்தால் பூட்டு நாலு வகை.

முதலாவது, சிம் பூட்டு. குறிப்பிட்ட கம்பெனி சிம் தவிர வேறு எதையும் ஏற்காது. வேறு சிம் போட்டால் திரையில் 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கும், அல்லது 'சிம் செல்லாது' என்று காட்டும். நம் நாட்டில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் இது பெரும்பாலும் இல்லை. கம்பெனிகளே தரும் மலிவு போன்களில் உண்டு. 2017-இல் 1500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோன், 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத், இரண்டும் ஜியோ சிம்முக்கு மட்டுமானவை. உங்கள் வீட்டில் ஜியோ டவர் நன்றாகக் கிடைத்து, வயசான அம்மா பேச மட்டும் ஒரு போன் வேண்டும் என்றால் தெரிந்தே வாங்கலாம். தெரியாமல் வாங்கக் கூடாது.

இரண்டாவது, கடன் பூட்டு. தவணைக்குப் போன் வாங்கும்போது சில நிதி நிறுவனங்கள் அதற்குள் ஒரு செயலியைப் போட்டுவிடுகின்றன. ஒரு தவணை தள்ளிப்போனால் திரை பூட்டிக்கொள்ளும். ரீசெட் அடித்தாலும் அது மறுபடி வந்து உட்காரும், ஏனென்றால் போனின் ஐ.எம்.இ.ஐ எண்ணோடு அது கட்டப்பட்டிருக்கிறது. வேலை நாள் குறைந்த மாதத்தில் தவணை தவறினால், அடுத்த வேலையைப் பற்றிச் சொல்லும் போனே கையில் இருந்தும் இல்லாததாகிவிடும். தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் "இதில் லாக் செயலி இருக்கா?" என்று கேளுங்கள். கட்டி முடித்ததும் செயலியை எடுத்துவிட்டதற்கும் பாக்கி இல்லை என்பதற்கும் என்.ஓ.சி (தடையில்லாச் சான்று) கேட்டு வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, அலைவரிசைப் பூட்டு. இதை யாரும் பூட்டு என்று சொல்வதில்லை; கடையிலும் சொல்ல மாட்டார்கள். சிம்மைப் போட்டால் எடுக்கும், கம்பெனி பெயரைக் காட்டும், ஆனால் டவர் இருக்கிற இடத்திலும் நெட் சுத்தும். காரணம், அந்தக் கம்பெனி நம் ஊரில் பயன்படுத்தும் பேண்ட் அந்தப் போனில் இல்லை.

நான்காவது, பேச்சுப் பூட்டு. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையவே கிடையாது. பேச்சே 4ஜி வழியாகத்தான் போகிறது. அதற்குப் பெயர் வோல்ட்டி. 4ஜி என்று பெட்டியில் போட்டிருந்தும் வோல்ட்டி இல்லாத பழைய போனில் நெட் ஓடும், பேச முடியாது. இன்னும் சில போன்களில் ஒரு கம்பெனிக்கு வோல்ட்டி வேலை செய்யும், மற்றொன்றுக்குச் செய்யாது. போன் கம்பெனி அதற்கான மென்பொருளைத் தந்திருக்க வேண்டும். பி.எஸ்.என்.எல்லுக்கு மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த எண்கள் இருக்க வேண்டும்

பேண்ட் என்றால் பயப்பட வேண்டாம். ரேடியோவில் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வோர் அலைவரிசையில் வருகிற மாதிரி, ஒவ்வொரு செல்போன் கம்பெனிக்கும் அரசு ஏலத்தில் கொடுத்த அலைவரிசைகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பேண்ட் எண் உண்டு.

குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். உயர்ந்த அலைவரிசையில் வேகம் அதிகம், தூரம் குறைவு. டவர் தள்ளித் தள்ளி நிற்கும் நம் பக்கத்துக்கு உயிர் கொடுப்பவை குறைந்த அலைவரிசைகளான 700, 850, 900. போனில் இவை இல்லாமல் 1800-ம் 2300-ம் மட்டும் இருந்தால் அருப்புக்கோட்டை பஜாரில் பறக்கும், உங்கள் காட்டில் படுத்துவிடும்.

எனவே போனின் 4ஜி வரியில் பார்க்க வேண்டிய எண்களை இந்த வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

ஜியோவுக்கு: 5, 3, 40. இதில் 5 என்பது 850 அலைவரிசை.

ஏர்டெல்லுக்கு: 8, 3, 1, 40. இதில் 8 என்பது 900 அலைவரிசை.

வி-க்கு: 8, 3, 1. கூடவே 41 இருந்தால் நல்லது.

பி.எஸ்.என்.எல்லுக்கு: 28, 1. இதில் 28 என்பது 700 அலைவரிசை.

சேர்த்துப் பார்த்தால் 1, 3, 5, 8, 28, 40, 41. இந்த ஏழும் இருந்தால் அந்தப் போன் நம் ஊரில் எந்தக் கம்பெனிக்கும் தயார். 28-ஐத் தனியாகத் தேடுங்கள், ஏனென்றால் மலிவான போன்களில் விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். பி.எஸ்.என்.எல் நம் நாட்டிலேயே செய்த கருவிகளைக் கொண்டு 4ஜியை அமைத்து, 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் கையால் நாடு முழுமைக்குமாகத் தொடங்கிவைத்தது. நம் ஊருக்குத் தூரம் போகும் அந்த 700-ஐ எட்டிப் பிடிக்கக் கையிலுள்ள போனில் 28 இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். பெட்டியில் 'என்28' என்று இருப்பதைக் காட்டி "28 இருக்கு அக்கா" என்பார்கள். ஆங்கில எழுத்து என் முன்னால் வந்தால் அது 5ஜி. ஜியோ தன் 5ஜிக்கு அதைப் பயன்படுத்துகிறது. பி.எஸ்.என்.எல் 4ஜிக்கு வேண்டியது பி28. அலைவரிசை ஒன்றுதான்; ஆனால் 5ஜி வரியில் இருப்பதால் 4ஜி வரியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு வரிகளையும் தனித்தனியாகப் படியுங்கள்.

5ஜி போன் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 2022 அக்டோபரில் ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி தொடங்கின. ஜியோ எடுத்துக்கொண்டது தனியாக நிற்கும் எஸ்.ஏ முறை. ஏர்டெல் தொடங்கியது 4ஜியின் துணையோடு ஓடும் என்.எஸ்.ஏ முறை. 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி என்ற போன் 8,499 ரூபாயில் வந்தது. அதில் எஸ்.ஏ மட்டும்தான் உண்டு. ஜியோ சிம்மில் 5ஜி கிடைக்கும். ஏர்டெல் சிம்மில் அந்த என்.எஸ்.ஏ 5ஜி கிடைக்காது, 4ஜிதான். யாரும் பூட்டவில்லை, சட்டப்படி அது திறந்த போன்தான். ஆனாலும் 5ஜிக்காக வாங்கிய ஏர்டெல்காரருக்கு அது பாதிப் பூட்டு. விலை குறைவு என்பது எங்கே குறைத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும். 5ஜி வேண்டும் என்றால் எஸ்.ஏ, என்.எஸ்.ஏ இரண்டும் எழுதியிருக்கிறதா, என்28, என்78 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

போகும்போது கையோடு மூன்று கம்பெனி சிம் கொண்டுபோங்கள். குழுவில் கேட்டால் கிடைக்கும். பில் போடும் முன் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கால் பேசிப் பாருங்கள், நெட்டில் ஒரு படம் ஏற்றிப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால், அதே மாடல் டெமோ போனில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

போனின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக மாடல் எண் இருக்கும். ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மாடல் விற்பார்கள். பேண்ட் மாறுவது அதில்தான். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கல்லூரி படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துக் கம்பெனியின் இணையதளத்தில் 4ஜி பேண்ட் வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

சிம் தட்டை இழுத்துப் பாருங்கள். சிலவற்றில் இரண்டாவது சிம் போடும் இடமும் மெமரி கார்டு போடும் இடமும் ஒன்றே. மெமரி கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடம் இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் அக்காமார்களுக்கு மூன்று குழி உள்ள தட்டுதான் தோது. ஜி.பி.எஸ் சீக்கிரம் இடம் பிடிக்கிறதா என்பதையும் கடைக்கு வெளியே வெயிலில் நின்று மேப்பைத் திறந்து பாருங்கள்.

செகண்ட்ஸ் போன் என்றால் இன்னும் கவனம். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்புங்கள். திருடுபோனதென்று முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தியிலும் இதைப் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால் முடக்கச் சொல்லவும் அதுவே வழி. பில் இல்லாத செகண்ட்ஸ் போனை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் போன்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு இது. பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்புகிற போனை மறுக்கச் சொல்லவில்லை. வாங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறேன். அமெரிக்கா போன்ற நாடுகளில் செல்போன் கம்பெனியே தவணைக்குப் போன் கொடுத்து, கடன் தீரும்வரை சிம் பூட்டுப் போட்டுவிடும். அந்தப் போன்கள் செகண்ட்ஸாக இங்கே வந்து சேர்கின்றன. இந்தப் பழக்கம் சரியில்லை என்று சில நாடுகளே முடிவெடுத்துவிட்டன. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் எல்லாப் போனையும் திறந்தபடியே விற்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் செல்போன் கம்பெனிகள் பூட்டிய போனை விற்கவே தடை.

சில போன்களின் பெட்டியில், முதலில் எந்த நாட்டு சிம்மைப் போட்டுப் பேச வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள். அங்கேயே அந்த நாட்டு சிம்மில் சிறிது நேரம் பேசிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஐபோன் 17-இல் ஐக்கிய அரபு அமீரகம் (துபாய்), சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் விற்பவற்றுக்குச் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இங்கே நாம் சட்டென்று சிம்மைக் கழற்றி மாற்றும் பழக்கத்துக்கு அது ஒத்துவராது. ஐபோன் எதுவானாலும் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கேரியர் லாக் என்ற வரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாறுவது உங்கள் உரிமை

நம்பர் மாறாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது 2011 ஜனவரி 20-இல். ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாள் செல்லும். ஆதாரோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போய்க் குறியீட்டைக் கொடுத்தால் சில நாளில் அதே நம்பர் புது சிம்மில் வந்துவிடும். ஒரு கம்பெனியில் 90 நாள் இருந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். பழைய பேலன்ஸ் வராது. ஆகவே ரீசார்ஜ் முடியும் தறுவாயில் மாறுங்கள். அந்தச் சமயத்தில் சிம் சில மணி நேரம் வேலை செய்யாது. வங்கி வேலை, வருகைப் பதிவு இருக்கிற நாளாகப் பார்த்து மாறிவிடாதீர்கள். குறியீட்டை வேறு யாரிடமும் போனில் சொல்லாதீர்கள்.

சட்டம் கொடுத்த இந்த உரிமை, கையிலுள்ள போன் இடம் கொடுத்தால்தான் உரிமை. போன் ஒரு கம்பெனியோடு கட்டிப்போட்டதாக இருந்தால் 1900-க்கு அனுப்பும் மெசேஜால் ஒரு பயனும் இல்லை.

குழுவாகச் செய்யக் கூடியவை

தனியாக ஒருத்தர் கடையில் கேட்டால் "அதெல்லாம் எல்லாம் எடுக்கும்கா" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள குழுவாகக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, போன் வாங்க முதலில் குழுவின் உள்கடனைப் பாருங்கள். உங்கள் சேமிப்பு, உங்கள் வட்டி, வட்டியும் குழுவுக்கே வருகிறது. ஒரு மாதம் தள்ளிப்போனால் கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்லலாம், திரை பூட்டிக்கொள்ளாது. அந்தப் பணத்தோடு போகும்போது தவணைப் போனைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இரண்டு, குழு நோட்டில் ஒரு பக்கத்தை டவருக்கு ஒதுக்குங்கள். வீடு, பள்ளிக்கூடம், கண்மாய்க் கரை, வேலை நடக்கும் இடங்கள் என்று வரிசையாக எழுதி, எந்தக் கம்பெனி எங்கே கிடைக்கிறது என்று உறுப்பினர்கள் சொல்வதைப் பதியுங்கள். எந்த இரண்டு சிம் உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்பதை இந்தப் பக்கம் சொல்வதுபோல் கடைக்காரர்கூடச் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியும் எடுக்காத இடம் எது என்பதும் அதில் தெரிந்துவிடும். அதை ஊராட்சி மூலமாகவும் கிராம சபையிலும் மனுவாகக் கொடுங்கள். 2018 முதல் நம் விருதுநகர், மத்திய அரசின் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது. வருகைப் பதிவைச் செல்போனில்தான் போட வேண்டும் என்று சொல்கிற அரசிடம், அந்தப் பணித்தளத்துக்கு டவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

மூன்று, அந்த ஏழு எண்களையும் குழு நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்: 1, 3, 5, 8, 28, 40, 41. யார் வீட்டில் போன் வாங்கினாலும் கிளம்பும் முன் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். நான்கு குழு இந்த எண்களைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனால், ஐந்தாவது குழு வரும்போது கடைக்காரரே எடுத்து வைத்திருப்பார். என் தொழில் நண்பர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். கேட்கிற பொருளைத்தான் கொண்டுவந்து வைப்போம்.

உங்களுக்கு வேண்டிய போன், கடையில் இருப்பதிலேயே விலை கூடியதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பணம் கொடுத்தபின் அது முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். எந்த சிம்மைப் போடுவது, எப்போது மாற்றுவது, எந்தக் கம்பெனிக்கு மாதா மாதம் காசு கொடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் மாறிப் போகக் கூடியவர்கள் என்று தெரிந்தால்தான் கம்பெனிகள் நம் ஊர் டவரைக் கவனிக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அவரவர் போனில் 28 இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் மாடல் எண்ணோடு கடைக்கு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்தில் போன் பழுது பார்க்கும் தம்பி,
நரிக்குடி.